நில்லா உலகும் கடவுள் என்னும் பற்றுக்கோடும்: தமிழ் மரபு தந்த விடைகள்

ஒரு வீட்டில் சாவுப் பறை ஒலிக்கிறது, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு ஒலிக்கிறது. கணவனைக் கூடியவள் பூச்சூட, பிரிந்தவள் கண்ணீர் வடிக்கிறாள். இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவன் பண்பில்லாதவன்தான் என்று புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் சொல்லிவிடுகிறார். உலகின் இயல்பு இதுதான், தெரிந்தவர்கள் இதற்குள்ளேயே இனியதைக் கண்டுகொள்ளட்டும் என்று பாட்டு முடிகிறது. படைத்தவன் இங்கே இருக்கிறான், ஆனால் ஆறுதல் கேட்டு அவனிடம் யாரும் போகவில்லை. அவன் மேல் இருப்பது குற்றச்சாட்டு.

சில நூற்றாண்டுகள் கழித்து அதே படைத்தவன், நில்லாத உலகில் மனிதர் பற்றிக்கொள்ளத்தக்க ஒரே பொருளாகத் தமிழில் பாடப்படுகிறான். இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது? செல்வமும் இளமையும் உடம்பும் நில்லா என்பதில் தமிழில் எழுதியவர்களுக்குள் பூசலே இல்லை. சமணர், பௌத்தர், சைவர், வைணவர், சித்தர், கிறித்தவர், இசுலாமியர், நாத்திகர் என எல்லாரும் ஒப்புக்கொண்ட செய்தி அது. அதிலிருந்து என்ன பெறப்படும் என்பதில்தான் வழக்கு. அந்த வழக்கின் முக்கியத் தரப்புகளை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. நிலையாமை என்ற உண்மை தானாக யாரையும் கடவுளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை, சேர்த்தது வேறொன்று என்பது இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

கடவுள் தேவைப்படாத நிலையாமை

தொல்காப்பியத்தின் புறத்திணையியல், உலக நிலையாமையைக் காஞ்சித் திணைக்கு உரியதாக்குகிறது. போரைப் பற்றிய இலக்கணத்துக்குள் இது இடம்பெற்றது பொருத்தமே. சாவை அன்றாடம் பார்த்தவர்கள் படைவீரர்கள். இத்திணையில் பிறந்த பெரும் பாட்டு மதுரைக்காஞ்சி. மாங்குடி மருதனார், தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்குப் பாடிய அதன் 782 அடிகளைப் படிக்கிறவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கும். முன்னிருந்த மன்னர்கள் கடல் திரை குவித்த மணலினும் பலராய் மாண்டு போனார்கள் என்ற அறிவுரை சுருக்கமாகவே வருகிறது. மீதியெல்லாம் நாளங்காடி, அல்லங்காடி, பூ விற்போர், பொன் உரைத்துப் பார்ப்போர், இரவில் திருடரைத் தேடும் ஊர்க்காவலர் என நகரத்தின் இரைச்சல். கடைசியில் அரசனுக்குக் கிடைக்கும் அறிவுரை, உனக்கென அளந்து கிடைத்த வாழ்நாளை மகிழ்ந்து வாழ் என்பதாக இருக்கிறது. நிலையாமையைச் சொன்ன வாயாலேயே ஊரின் இன்பத்தைச் சொல்ல மருதனாருக்குத் தயக்கம் இல்லை.

திருக்குறளின் 34ஆம் அதிகாரம் நிலையாமை. கூத்து முடிந்து கலையும் கூட்டம், முட்டையோட்டை விட்டுப் போகும் பறவை, உறக்கமும் விழிப்பும் என்று பத்துக் குறளிலும் படிமங்கள் நிறைந்திருக்கின்றன. கடவுள் பேச்சு மட்டும் இல்லை. அடுத்த அதிகாரம் துறவு. அதன் கடைசிக் குறளில்தான் பற்றற்றவனைப் பற்றச் சொல்லி ஒரு வாசல் திறக்கிறது. உரையாசிரியர் பரிமேலழகர் அங்கே இறைவனைக் காண்கிறார். சமணச் சார்புடையோர் அருகனைக் காண்கிறார்கள். பிறவிக் கடலை இறைவன் அடியால் நீந்தலாம் என்பதைக் கடவுள் வாழ்த்திலேயே வள்ளுவர் சொல்லியிருக்கிறார் என்பதும் உண்மை. ஆயினும் நிலையாமையைப் பற்றி நேரே பேச வந்த இடத்தில் அவர் அந்தப் பாலத்தைக் கட்டவில்லை.

சமணர் தொகுப்பான நாலடியார் செல்வ நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்ற மூன்று அதிகாரங்களோடு தொடங்குகிறது. அதன் கடவுள் வாழ்த்தே உடம்பின் நில்லாமையை வானவில்லோடு ஒப்பிட்டு, பாதம் நிலத்தில் படாத கடவுளை வணங்குகிறது. இந்தக் கடவுள் உலகைப் படைத்தவரல்லர். நம் வினையில் தலையிடுபவரும் அல்லர். வழியைக் காட்டிவிட்டுப் போனவர். ஆகவே நாலடியார் தரும் முடிவு: சாவு வருமுன் அறத்தைச் செய். எவரும் வந்து தூக்கிவிட மாட்டார் என்ற எச்சரிக்கையும் அதற்குள் அடங்கியிருக்கிறது. நாணயமான விடைதான். ஆனால் அறம் செய்யவும் அவகாசம் இல்லாமல் போனவர்களுக்கு, ஒரு குழந்தையின் சாவுக்கு, அது சொல்லக்கூடியது அடுத்த பிறவியைப் பற்றி மட்டுமே.

கோதமையின் வழக்கு

குழந்தையின் சாவு என்ற இந்தக் கடினமான இடத்துக்கு நேரே போனது மணிமேகலை. சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில், புகாரின் சுடுகாட்டுக்குள் தவறிப் போன சார்ங்கலன் என்னும் சிறுவன், பேய் ஒன்று ஆடுவதைக் கண்டு நடுங்கி, வீட்டுக்கு ஓடி வந்து தாயிடம் சொல்லி உயிர்விடுகிறான். தாய் கோதமை உடலைத் தூக்கிக்கொண்டு ஊர்த் தெய்வமான சம்பாபதியிடம் வருகிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு மகனுக்கு உயிர் கொடு என்கிறாள். அப்படி மாற்றிக்கொள்ள முடியுமென்றால் அரசர்களுக்காக உயிர் கொடுக்க ஆளில்லாமலா இந்தச் சுடுகாட்டில் அரசர்களுக்கு இத்தனை சமாதிக் கோட்டங்கள் நிற்கின்றன என்று தெய்வம் கேட்கிறது. தேவர்கள் தருவதாக மறைநூல்கள் சொல்லுமே என்று தாய் விடாமல் வாதாடுகிறாள். உடனே சம்பாபதி, சக்கரவாளத்தில் உள்ள எல்லாத் தேவர்களையும் அவள் முன் வரவழைக்கிறாள். அத்தனை பேரும் அதே பதிலைச் சொல்கிறார்கள். கோதமை மகனை ஈமத்தில் இடுகிறாள்.

புத்தர் கதை மரபில் வரும் கிசா கோதமியின் பெயரும் துயரும் இவளிடம் எதிரொலிக்கின்றன. ஆனால் மணிமேகலையின் ஆசிரியர் சாத்தனார் செய்திருப்பது கூடுதலான வேலை. தேவர்கள் இல்லை என்று அவர் சொல்லவில்லை. எல்லாரும் இருக்கிறார்கள், வரிசையாக வந்து நிற்கிறார்கள், எவராலும் ஆகவில்லை. நாத்திகத்தைவிடக் கூர்மையான மறுப்பு இது.

இதற்குச் சைவம் தந்த பதிலைப் பெரியபுராணத்தில் பார்க்கலாம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய இந்நூலில் உயிர் மீளும் பிள்ளைகளில் மூவரை இங்கே எடுத்துக்கொள்வோம். திங்களூரில் வாழைக்குருத்து அரியப் போய்ப் பாம்பு கடித்த அப்பூதியடிகளின் மகன். மயிலாப்பூரில் எலும்பும் சாம்பலுமாகக் குடத்தில் இருந்த பூம்பாவை. அவிநாசியில் முதலை விழுங்கிய சிறுவன். அவிநாசித் தெருவில் சுந்தரர் நுழையும்போது ஒரு வீட்டில் பூணூல் கல்யாண ஒலியும் எதிர் வீட்டில் அழுகையும் கேட்கின்றன. நன்கணியாரை நினைத்துத்தான் சேக்கிழார் இதை அமைத்தார் என்று சொல்லச் சான்றில்லை. ஆனால் காட்சி அதேதான், தீர்ப்பு வேறு. சுந்தரர் படைத்தவனைப் பழிக்காமல், காலனைப் பிள்ளையைத் தரச் சொல் என்று அவனிடமே கேட்கிறார்.

வாதமாக எடுத்துக்கொண்டால் இந்த விடை பலவீனமானது. சில பிள்ளைகள் மீண்டது, மீளாத மற்றவர்களின் கேள்வியை மேலும் கூர்மையாக்கும். ஆனால் பூம்பாவையை மீட்கச் சம்பந்தர் பாடிய பதிகத்தைத் தனியே படித்தால் வேறொரு செய்தி தெரிகிறது. அது சாவாமையைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. ஓணம், கார்த்திகை விளக்கு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மயிலாப்பூரின் விழாக்களை ஒன்றொன்றாகச் சொல்லி, இதைக் காணாமலா போவாய் என்று இறந்த பெண்ணைக் கேட்கிறது. உலகம் நில்லாதது, ஆகையால் விடு என்ற சமண அறிவுரைக்கு நேர் எதிரான குரல்.

பக்தி கொண்டுவந்தது: உறவு

பக்திப் பாடல்களிலும் நிலையாமைப் பதிகங்கள் உண்டு. திருவாய்மொழியின் நான்காம் பத்தில் நம்மாழ்வார் தனியரசு செலுத்தியவர்களைப் பிச்சைக்காரர்களாகக் காட்டுகிறார். கறுப்பு நாய் காலைக் கவ்வ, கையிலிருந்த பானை உடைய, ஊரார் பார்த்து நிற்கிறார்கள். இந்தக் காட்சி நாலடியாரில் இருந்தாலும் யாரும் வேறுபாடு கண்டிருக்க மாட்டார்கள். வேறுபாடு அடுத்த அடியில் இருக்கிறது: ஆகையால் திருநாரணன் தாளைச் சிந்தி. இந்த 'ஆகையால்' எங்கிருந்து வந்தது என்பதே நம் கேள்வி.

அது தருக்கத்திலிருந்து வரவில்லை என்றே தோன்றுகிறது. அப்பர் சமணத்திலிருந்து திரும்பியது நிலையாமையைப் பற்றிய வாதத்தில் தோற்றதால் அன்று. சூலை நோய் வயிற்றைக் குடைந்ததாலும், தமக்கை திலகவதியார் திருவதிகையில் இருந்ததாலும். சுந்தரர் கதையில் இது இன்னும் வெளிப்படை. திருமண நாளில் ஒரு கிழவர் வந்து, உன் பாட்டனார் எழுதிக் கொடுத்த ஆளோலை இது, நீ எனக்கு அடிமை என்று வழக்காடுகிறார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து ஓலை செல்லும் என்று தீர்ப்பளிக்கிறார்கள். நம்பிக்கையின் அடித்தளம் இங்கே நம்புகிறவரின் மனநிலையில் இல்லை. அவர் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட ஒரு சாசனத்தில் இருக்கிறது. தன் உடம்பு நில்லாது, தன் பக்தியும் நில்லாது, ஆனால் உடைமை உடையவனுடையது. எமனுக்கு அஞ்சோம் என்று அப்பர் பாடும் துணிச்சலுக்கும் இதுவே காரணம்: ஏற்கெனவே வேறொருவருக்கு உரிய ஆள் மேல் எமனுக்கு என்ன அதிகாரம்?

உறவு என்றால் அதில் ஐயமும் ஊடலும் இருக்கும். மாணிக்கவாசகரின் திருவாசகத்தில், இறைவனை உறுதியாகப் பிடித்துக்கொண்டதைப் பாடும் 'பிடித்த பத்து' இருக்கிறது. அதே நூலில் கைவிட்டுவிடாதே என்று 50 பாட்டுகளில் மன்றாடும் 'நீத்தல் விண்ணப்பம்' இருக்கிறது. முதலாவதை மட்டும் மேற்கோள் காட்டுகிற சொற்பொழிவாளர்கள் மாணிக்கவாசகரைப் பாதியாக்கிவிடுகிறார்கள். யாழ்ப்பாணச் சைவர்களின் ஈமச்சடங்கான அபரக்கிரியையில் சுண்ணம் இடிக்கும்போது திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடப்படுகிறது. இறைவன் நீராடப் பெண்கள் நறுமணப் பொடி இடிக்கும் மகிழ்ச்சிப் பாட்டு அது. சாவு வீட்டில் உரலும் உலக்கையும் மஞ்சளும் வைத்து அதைப் பாடும் வழக்கம், எந்த உரையாசிரியரையும்விடத் தெளிவாக ஒரு நிலைப்பாட்டைச் சொல்கிறது.

மக்கள் வழக்கில் இதன் மறுபக்கமும் உண்டு. மார்க்கண்டேயன் கதையோடு இணைந்த திருக்கடையூருக்கு 60ஆம் ஆண்டு மணிவிழாவுக்கும் 80ஆம் ஆண்டு சதாபிஷேகத்துக்கும் குடும்பங்கள் திரள்கின்றன. அங்கே கேட்கப்படுவது பெரும்பாலும் இன்னும் சில ஆண்டுகள். என்றும் நிற்கும் வீடுபேறு அன்று. இதைக் குறைவாக மதிக்கத் தேவையில்லை, ஆனால் இரண்டும் ஒன்றென்று குழப்பிக்கொள்ளவும் கூடாது.

தருக்கத்தால் நிறுவ முயன்றவர்கள்

நிலையாமையிலிருந்து நேரே கடவுளுக்குப் பாதை உண்டு என்று வாதிட்டவர்களில் தலைசிறந்தவர் 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார். சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் முதலாவது, அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதைக் காரணமாகக் காட்டி, ஒடுக்கிய இடத்திலிருந்தே அது மீண்டும் தோன்ற ஒரு முதல்வன் வேண்டும் என்கிறது. அழிவே இங்கே சான்றாகிறது.

பௌத்தர் இதற்கு என்ன சொல்வார் என்பதை மணிமேகலையின் கடைசிக் காதை முன்பே சொல்லிவிட்டது: ஒன்றைச் சார்ந்து இன்னொன்று தோன்றும் பன்னிரு சார்புகள் போதும், தோற்றுவிப்பவன் வேண்டாம். மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தரையும் சமணரையும் உலகாயதரையும் பிறரையும் ஒவ்வொருவராக எதிர்கொள்வதே, இந்த எதிர்வாதம் அப்போதும் கனமாக இருந்தது என்பதற்கு அடையாளம். மாறுவதெல்லாம் மாற்றுபவன் ஒருவனை வேண்டும் என்பதை முன்பே ஒப்புக்கொண்டவருக்கு மெய்கண்டார் வாதம் செல்லும், ஒப்புக்கொள்ளாதவருக்குச் செல்லாது. அதோடு, உலகை ஒடுக்குகிற முதல்வன் நம்பத்தக்கவன் என்பதும் தனியே காட்டப்பட வேண்டும். ஒடுக்கம் என்பது பிறந்திறந்து களைத்த உயிர்களுக்குத் தரும் இளைப்பாறல் என்று மெய்கண்டாரின் சைவ சித்தாந்தம் சொல்கிறது. அழகான விளக்கம். ஆனால் அது அருளை முன்னமே நம்பியவர் தரும் விளக்கம்.

பிடித்தது யார்?

வைணவத்தில் கேள்வி வேறு திசையில் திரும்பியது. கடவுள் நிலையானவர் சரி. நிலையற்ற மனித மனம் அவரை எப்படி விடாமல் பிடித்திருக்கும்? வேதாந்த தேசிகர் (1268–1369) வழிவந்த வடகலையார், சரணடைபவரின் பக்கம் சிறிதளவாவது ஒரு செயல் வேண்டும் என்றனர். பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையார், காரணமே இல்லாத கிருபை போதும் என்றனர். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியும், தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியும் இந்த வேறுபாட்டுக்கு உவமையாயின. முதல் நிலைப்பாட்டில், என் பிடி தளர்ந்தால் என்ன ஆகும் என்ற அச்சம் முற்றிலும் நீங்குவதில்லை. இரண்டாவதில், எல்லாரையும் ஏன் தூக்கவில்லை என்ற கேள்வி எழுகிறது.

இந்தச் சர்ச்சை அமைதியான மடத்துத் திண்ணையில் மட்டும் வளரவில்லை. 1323இல் தில்லி சுல்தானியப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது, முதுமையில் இருந்த லோகாசாரியர் உற்சவரான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு ஊரை விட்டு வெளியேறி, வழியில் மதுரைக்கு அருகே உயிர்நீத்தார் என்று வைணவ மரபு சொல்கிறது. தேசிகர் பிணங்களுக்கிடையே மறைந்து உயிர் தப்பினார் என்பதும் மரபுச் செய்தி. நம்பெருமாள் மீண்டும் அரங்கம் வந்தது 1371இல். காக்க வேண்டியவனையே அடியார்கள் சுமந்துகொண்டு ஓடிய காலத்தில், காரணமற்ற கிருபையை ஒருவர் விடாமல் போதித்தார் என்பது எளிதில் கடந்துபோகக்கூடிய செய்தியன்று.

உடம்பே நிற்கட்டும்

திருமந்திரத்தின் முதல் தந்திரம் யாக்கை, செல்வம், இளமை, உயிர் ஆகியவற்றின் நிலையாமையை நாலடியாரை ஒத்த தலைப்புகளில் பாடுகிறது. அதே திருமூலர் யோகத்தைச் சொல்லும் இடத்தில் உடம்பைக் கோயிலாக்கி வளர்க்கச் சொல்கிறார். இந்த இரண்டாம் இழையை எல்லைவரை கொண்டுபோனவர் வள்ளலார் (1823–1874). சாவு இயற்கை என்பதையே அவர் ஏற்கவில்லை. மரணமிலாப் பெருவாழ்வு இந்த உடம்போடு கூடும் என்றார். நிலையாமை ஓர் உண்மை என்று மற்றவர் தொடங்கிய இடத்தில் அவர் அதை ஒரு குறை என்றார், தீர்க்கக்கூடிய குறை. 1867இல் வடலூரில் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு, சாவாமையைப் பசியாற்றுதலோடு சேர்த்துக் கட்டிய அவரது புதுமைக்குச் சான்று. 1874 சனவரியில் மேட்டுக்குப்பத்து அறையில் நுழைந்து தாழிட்டபின் அவர் உடல் காணப்படவில்லை என்பது அன்பர்களின் உறுதி. பிறருக்கு மரணமிலாப் பெருவாழ்வு வாய்த்ததா என்ற கேள்விக்கு இந்த மரபு இன்னும் விடை சொல்லவில்லை.

கல்லறைக்கு அப்பால்

தமிழ்க் கிறித்தவம் நம்பிக்கையை ஒரு வரலாற்று நிகழ்ச்சியின் மேல் நிறுத்தியது: இயேசு உயிர்த்தார், ஆகவே உயிர்ப்பு உண்டு. வைணவராய்ப் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருட்டிணபிள்ளை, ஆங்கில எழுத்தாளர் பனியனின் நூலைத் தழுவி இரட்சணிய யாத்திரிகத்தை 1894இல் வெளியிட்டார். அழியும் நகரத்தை விட்டு நிலையான நகருக்குப் போகும் பயணத்தை ஆழ்வார் பாடல்களில் ஊறிய தமிழில் அவரால் சொல்ல முடிந்தது. கிறித்தவ விடையின் தனித்தன்மை, போன உடம்பும் போன மனிதரும் மீள்வர் என்பதில் இருக்கிறது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் குடும்பங்கள் கூடுவது அந்த எதிர்பார்ப்போடுதான். அதன் வலிமை எதுவோ அதுவே அதன் சிக்கலும்: அந்த ஒரு நிகழ்ச்சியின் மெய்ம்மையோடு எல்லாம் நிற்கும் அல்லது விழும். இசுலாத்தில் மறுமை நம்பிக்கையின் தூண்களில் ஒன்று; குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) போன்ற சூபிகள் அதைத் சைவக் கவிஞர் தாயுமானவரை நினைவூட்டும் நடையில் பாடியதால், இரு மரபுகளின் வேறுபாடு மேலோட்டமாகப் படிப்பவர் கண்ணில் படுவதே இல்லை.

மறுத்தவர்கள்

பாரதி கடவுளை மறுக்கவில்லை. உலகைப் பொய் என்பதை மறுத்தார். 'மாயையைப் பழித்தல்' பாடியவருக்கு, நிலையாமைப் பேச்சு நாட்டைச் சோம்பலில் தள்ளியது என்ற சினம் இருந்தது. பெரியார் இன்னும் ஒரு படி மேலே போய், கடவுள் நம்பிக்கை மனிதன் தன் நிலையை மாற்றும் முயற்சியையே மழுங்கடிக்கிறது என்றார். பசியையும் சாதியையும் ஊழென்று ஏற்கவைத்த வரலாற்றைப் பார்க்கும்போது இந்தக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட இயலாது. ஆயினும் அது நம்பிக்கையின் பயனைப் பற்றிய மறுப்பு. சாவின் முன் என்ன சொல்வது என்ற கேள்வி அதற்குப் பின்னும் எஞ்சுகிறது.

2004 டிசம்பர் 26 அந்தக் கேள்வியை மீண்டும் எழுப்பியது. ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் பலரும் அதில் அடக்கம். பேராலயம் தப்பியதை அற்புதம் என்று சொல்வது, மணலில் கிடந்தவர்களைப் பார்க்க மறுப்பதாகும். சம்பாபதியின் பதிலே அன்று நேர்மையாகப் பொருந்தியது என்று ஒருவர் சொன்னால், அவரை மறுக்க நல்ல வாதம் எதுவும் கைவசம் இல்லை.

தீராதவை

நிலையாமை கடவுளை நிறுவுகிறது என்ற கூற்றுக்கு ஆதரவு மெலிவாகவே இருக்கிறது. அதே உண்மையிலிருந்து மருதனார் மகிழ்ச்சிக்கும், நாலடியார் அறத்துக்கும், சாத்தனார் சார்பின் அறிவுக்கும் போனார்கள்; அவர்களில் யாரும் தருக்கத்தில் வழுக்கி விழவில்லை. கடவுளிடம் போனவர்கள் ஓர் உறவை முன்பே உணர்ந்தவர்கள் அல்லது அதற்குள் பிறந்தவர்கள். உறவு வாதத்தைவிட உறுதியான அடித்தளமா என்பதை வெளியிலிருந்து தீர்க்க வழியில்லை. நீத்தல் விண்ணப்பத்தைத் தன்னுள் வைத்துக்கொண்ட மரபு, ஐயத்தை அடக்கிவைத்த மரபைவிட நெடுங்காலம் தாங்கும் என்று மட்டும் எச்சரிக்கையோடு சொல்லலாம்.

அதைவிடப் பெரிய இடைவெளி ஒன்று இருக்கிறது. துயருற்றவர் கேட்பது இழந்த மனிதரை. மரபுகள் பெரும்பாலும் தருவது கடவுளை. சித்தாந்தத்தில் உயிர் நித்தியமானது, முத்தியிலும் அழிவதில்லை. ஆனால் இறைவன் திருவடியில் இருக்கும் தாய்க்கும் மகனுக்கும் ஒருவரையொருவர் தெரியுமா என்பதைச் சைவ சாத்திரங்கள் கவலையோடு ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. கிறித்தவம் இதை ஓரளவு தொட்டது. மேலும், இந்த விவாதம் முழுவதும் எழுதியவர்களின் நூல்களைக் கொண்டு நடந்தது. ஒப்பாரி பாடிய பெண்கள் இதில் சாட்சியாக அழைக்கப்படவே இல்லை. எமனையும் தெய்வத்தையும் நேர்முகமாக ஏசி, இறந்தவரின் வேட்டியையும் வண்டியையும் நடையையும் எண்ணி எண்ணிப் பாடும் அந்தப் பாட்டுகளில் வீடுபேறு எத்தனை முறை ஆறுதலாக வருகிறது, எத்தனை முறை வராமலே போகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தால், சாத்திரங்கள் தந்த விடைகளில் எவை சாவு வீட்டின் வாசல்வரை வந்து சேர்ந்தன என்பது ஒருவேளை தெரியக்கூடும்.